பள்ளி மோட்டார் கிளப்: குட்டி கார் போட்டியா, ஓட்டும் காரா?

கார் பைத்தியங்களைச் சேர்த்துக் கிளப் தொடங்கியாகிவிட்டது. சரி, அவர்கள் என்ன செய்வது?

ஒரு வழி, முன்பு எஃப்1 இன் ஸ்கூல்ஸ் எனப்பட்ட, இப்போது ஸ்டெம் ரேசிங் ஆகிவிட்ட உலகப் போட்டி. 3 முதல் 6 பேர் கொண்ட அணி, கணினியில் குட்டி கார் ஒன்றை வடிவமைத்துச் செதுக்குகிறது. சிறிய கரியமில வாயுக் குப்பி அதை 20 மீட்டர் தடத்தில் தள்ளிவிடும். நல்ல கார் ஒரு நொடி சொச்சத்தில் எல்லையைத் தொடும். ஆனால் வேகம் மட்டும் போதாது. ஸ்பான்சர் பிடிப்பது, நடுவர்கள் முன் பேசுவது என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. காரில் ஆர்வமில்லாத, ஆனால் நன்றாகப் பேசும் பிள்ளைக்கும் இதில் இடமிருக்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னொன்று, பிரிட்டனில் தொடங்கிய கிரீன்பவர் என்ற பந்தயப் போட்டி. மாணவர் ஒருவர் உட்கார்ந்து ஓட்டும் 24 வோல்ட் மின்கார். எல்லா அணிகளுக்கும் ஒரே வகை மோட்டார், ஒரே வகை பேட்டரி. அதனால் எடை, காற்றுத்தடை, டயர் உராய்வு, கியர் விகிதம் ஆகியவற்றில்தான் சண்டை. ஆரம்பத்திலேயே அழுத்தி ஓட்டினால் பேட்டரி பாதியில் படுத்துவிடும். அசல் பந்தய உணர்வு இதில்தான். ஆனால் பட்டறை, பாதுகாப்புச் சோதனை, காரை ஏற்றிச்செல்ல வண்டி எல்லாம் வேண்டும்.

புதிய கிளப் என்றால் குட்டி காரையே சொல்வேன். வெல்டிங் தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் மட்டும், யோசிக்காமல் இரண்டாவது.