குரோ பேக்கா, மண் தொட்டியா, பெயிண்ட் பக்கெட்டா?

சென்னையில் மாடித் தோட்டம் போடப் போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நர்சரிக்காரர் செடி வளர்க்கும் பிளாஸ்டிக் பையான குரோ பேக்கை எடுத்து நீட்டுவார். வீட்டுப் பெரியவர்கள் மண் தொட்டிதான் என்பார்கள். எதிர்வீட்டு மாமா பழைய பெயிண்ட் பக்கெட்டில் காய்த்துத் தொங்கும் கத்தரிக்காயைக் காட்டுவார். மூவர் சொல்வதும் சரிதான், மூன்றிலும் காய் வரும். வித்தியாசம் எல்லாம் மாடித் தளம் தாங்கும் எடையிலும், நீங்கள் தண்ணீர் ஊற்றும் பழக்கத்திலும்தான்.

முதலில் எடை. பலரும் கடைசியில் யோசிப்பது இதைத்தான். 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள ஒரு பையில் ஏறக்குறைய 20 லிட்டர் கலவை பிடிக்கும். வெறும் செம்மண்ணும் மணலும் போட்டு நிரப்பினால், நனைந்த பிறகு 35 கிலோ வரை வரும். பாதிக்குத் தென்னைநார்த் தூளும், மீதிக்கு மண்ணும் தொழு உரமும் கலந்தால் 25 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஆட்கள் ஏறி நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி ஐஎஸ் 875 சொல்லும் பயன்பாட்டுச் சுமை, அதாவது தளத்தின் சொந்த எடை போக மேலே ஏறும் எடை, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. செம்மண் நிரப்பிய ஒன்பது பைகளை ஒரு சதுர மீட்டரில் நெருக்கி வைத்தால் அதைப்போல இரண்டு மடங்கு! அதனால் எதை வாங்கினாலும் நடுத்தளத்தில் குவிக்காமல், கைப்பிடிச் சுவரோரமாகவும் கீழே பீம் ஓடும் வரிசையிலும் வையுங்கள். பழைய கட்டிடம் என்றால் ஒரு இன்ஜினியரிடம் கேட்டுவிடுவது நல்லது. மண் தொட்டி இங்கேயே பின்தங்கிவிடுகிறது. காலித் தொட்டியே கனம், மாடிப்படி ஏற்றுவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

தண்ணீர் விஷயத்தில் கதை மாறுகிறது. மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் கசிந்து ஆவியாகும், அதனால் சித்திரை வெயிலிலும் வேர் சூடாகாது. ஆனால் அதே காரணத்தால் சீக்கிரம் காயும். கத்திரி வெயில் நாட்களில் காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். போர் தண்ணீரில் உப்பு அதிகமுள்ள பகுதியில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்துவிடும். அது தண்ணீரோடு வந்த உப்பு. அதே உப்பு உள்ளே மண்ணிலும் சேர்கிறது என்பதற்கு அடையாளமும்கூட.

பக்கெட் நேர் எதிர். பக்கவாட்டில் ஒரு சொட்டும் ஆவியாகாது, ஒரு நாள் மறந்தாலும் செடி பிழைத்துக்கொள்ளும். ஓட்டை போதாவிட்டால்தான் ஆபத்து. அடியில் ஐந்தாறு, அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கவாட்டில் நான்கைந்து என்று கம்பியைச் சூடு காட்டிப் போட்டுவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் கத்தரி வேர் அழுகாமல் இருப்பது இந்த ஓட்டைகளால்தான். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பக்கெட்டை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். எனாமல், தின்னர், பூச்சிமருந்து இருந்த டப்பாக்கள் வேண்டவே வேண்டாம்.

குரோ பேக் இரண்டுக்கும் நடுவில். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு இருக்கும் பையை எடுங்கள். முழுக் கறுப்புப் பை நம் வெயிலை அப்படியே இழுத்துக்கொள்ளும். பையில் பெரும்பாலும் தென்னைநார்த் தூள்தானே இருக்கும், அதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேல் அரை அங்குலம் காய்ந்து வெளிறிப் போயிருக்கும், விரலை இரண்டு கணு உள்ளே விட்டால் ஈரம் ஒட்டும். மேலே பார்த்தே தண்ணீர் ஊற்றுபவர்கள் செடியை மூழ்கடிப்பது இப்படித்தான். ஒரேயடியாகக் காய விட்டாலும் தொல்லை. ஊற்றும் தண்ணீர் உள்ளே இறங்காமல் பையின் ஓரமாக வழிந்து வெளியே ஓடிவிடும். தூளில் சொந்தமாகச் சத்தும் கிடையாது. தொழு உரமோ மண்புழு உரமோ மூன்றில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் தக்காளி இலை மஞ்சளாகி நிற்கும்.

ஆயுளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மண் தொட்டி, யாரும் இடிக்காதவரை இருக்கும். பக்கெட்டும் பையும் வெயிலில் சில வருடம்தான். பை முதலில் கிழிவது தையலில். பிறகு வெள்ளைச் செதில்களாக உதிர ஆரம்பிக்கும், அதைக் கலவையிலிருந்து பொறுக்குவது பெரிய எரிச்சல்.

பைக்கு ஒரு சாதகம் உண்டு. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையில் (கிட்) பை, தென்னைநார்க் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் மருந்து எல்லாம் சேர்ந்தே வரும். தளை கிடைக்கும் சமயமாக இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், அதையே வாங்குங்கள்.

கிடைக்கவில்லையா? என் ஓட்டு பெயிண்ட் பக்கெட்டுக்கு. முதல் முறை இரண்டே இரண்டு, 20 லிட்டர் அளவில். ஒன்றில் கத்தரி, ஒன்றில் மிளகாய். கூடவே அரை அடி ஆழமுள்ள அகலமான டப்பா ஏதாவது ஒன்றில் சிறுகீரை தூவிவிடுங்கள், ஒரு மாதத்துக்குள் பறிக்கலாம். வெண்டையும் தக்காளியும் அடுத்த சுற்றுக்கு. வெண்டையில் வெள்ளை ஈயால் மஞ்சள் நரம்பு நோய் வந்தால் புதிதாகத் தொடங்குபவருக்கு மனசு விட்டுப்போகும். பத்துப் பதினைந்து செடி என்று பெருக்கும்போது குரோ பேக்குக்கு மாறலாம், மடித்து எடுத்து வைக்கலாம், இடமும் அடைக்காது. மண் தொட்டியை மாடிக்கு ஏற்றாமல் பால்கனிக்கு, கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவானாலும் தரையில் நேராக வைக்காதீர்கள். இரண்டு செங்கல் மேல் வையுங்கள். அடி ஓட்டை வழியாக வேர் இறங்கி, மாடித் தரையில் பதித்த தட்டோட்டு இடுக்கில் நுழைந்துவிட்டால், அடுத்த மழைக்குக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும். ஐந்து மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடம் என்றால் காய்கறி ஆசையை விட்டுவிட்டுப் புதினாவும் கீரையும் போடுங்கள். அதற்கு இந்த மூன்றில் எது கைக்குக் கிடைத்தாலும் போதும்.