கப்பலில் எரிபொருள் கண்காணிப்புக் கருவிகள்: இன்ஜின் அறையிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

நான் பணியாற்றும் பல்க் கேரியரில் (தானியம், நிலக்கரி போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் சரக்குக் கப்பல்) மெயின் இன்ஜினுக்கும் ஜெனரேட்டர்களுக்கும் குழாயில் ஓடும் எண்ணெயின் நிறையை அளக்கும் மாஸ் ஃப்ளோ மீட்டர்கள், ப்ரொபெல்லரைச் சுழற்றும் ஷாஃப்டில் திறனை அளக்கும் ஒரு பவர் மீட்டர், இவற்றின் அளவீடுகளைக் கரை அலுவலகத்துக்கு அனுப்பும் மென்பொருள் ஆகியவை பொருத்தப்பட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இதே ஏற்பாட்டைத் தங்கள் கப்பலில் எதிர்பார்க்கும் பொறியாளர்களுக்கு இந்த அனுபவம் உதவும் என நம்புகிறேன்.

முன்பு நண்பகல்தோறும் டாங்குகளில் எண்ணெய் மட்டத்தை அளக்கும் சவுண்டிங் டேப்பை இறக்கி, எண்ணெயின் வெப்பநிலைக்கும் கப்பலின் ட்ரிம்முக்கும் (முன்-பின் சாய்வு) திருத்தம் போட்டு, கிடைத்த கன அளவை அடர்த்தியால் பெருக்கி டன்னாக்கி நூன் ரிப்போர்ட் எனும் அன்றாட அறிக்கையில் எழுதுவோம். கப்பல் உருளும் நாட்களில் டேப்பில் எண்ணெய் எதுவரை நனைந்தது என்பதே தெளிவாகத் தெரியாது. அகலமான டாங்கில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் கணக்கு ஒரு டன் வரை மாறக்கூடும். 2019 முதல் 5000 மொத்த டன்னேஜும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் ஆண்டு எரிபொருள் அளவைச் சர்வதேச கடல்சார் அமைப்பின் திட்டத்தின்படி அறிவிக்க வேண்டும் என்றானது. 2023 முதல் அந்த அளவை வைத்தே ஏ (சிறந்தது) முதல் ஈ வரை சிஐஐ தரமும் (கப்பலின் கொள்ளளவுக்கும் ஓடிய தூரத்துக்கும் எவ்வளவு கரியமில வாயு வெளியானது என்பதற்கான குறியீடு) வழங்கப்படுகிறது. 2024 முதல் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குச் செல்லும் பெரிய கப்பல்களின் கரியமில வாயு வெளியீட்டுக்குப் பணமும் கட்ட வேண்டியிருப்பதால், டேப்பை மட்டும் நம்பியிருந்த காலம் முடிந்துவிட்டது.

மாஸ் ஃப்ளோ மீட்டர் வெப்பநிலையைப் பொருட்படுத்தாமல் நேரடியாக நிறையை அளப்பது பெரிய வசதிதான். ஆனால் மெயின் இன்ஜினுக்குச் செல்லும் எண்ணெயில் பெரும்பகுதி எரியாமல் திரும்பி வருவதால், உள்ளே போகும் குழாயில் ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று என இரண்டு மீட்டர்களின் வித்தியாசமே செலவாகக் கணக்கிடப்படுகிறது. மணிக்கு 3 டன் போய் 2 டன் திரும்பினால், திரும்பும் மீட்டரில் 1 சதவீதப் பிழை நேர்ந்தாலும் செலவுக் கணக்கில் அது 2 சதவீதமாகிவிடும். எங்கள் கப்பலில் திரும்பும் மீட்டரின் அளவு நாளடைவில் சரியானதிலிருந்து விலகியது. வால்வுகளை மூடி, குழாய் நிறைந்திருக்க ஓட்டத்தை முற்றிலும் நிறுத்தி, பூச்சியப் புள்ளியைச் சரிசெய்த பிறகே டாங்க் கணக்கும் மீட்டர் கணக்கும் ஒத்துவந்தன. பொருத்திக் கொடுத்த நிறுவனம் இதைச் சொல்லித் தரவில்லை என்பது இன்றும் எனக்குள்ள மனக்குறை.

இந்த மூன்றில் மிகவும் பயன்பட்டது எது என்று கேட்டால், தயங்காமல் ஷாஃப்ட் பவர் மீட்டர் என்பேன். வெப்பக் கடலில் நீண்ட நாள் நங்கூரமிட்டுக் கிடந்தால் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் பிடிக்கும். அதன்பின் அதே வேகத்துக்கு எவ்வளவு கூடுதல் திறன் தேவைப்படுகிறது என்பதை இந்த மீட்டர்தான் காட்டிக்கொடுக்கிறது. எரிபொருள் செலவு ஏறியதற்கு இன்ஜினுக்குள் எண்ணெயைத் தெளிக்கும் இன்ஜெக்டர் காரணமா, கப்பலின் அடிப்பகுதி காரணமா என்ற பழைய வாக்குவாதம், திறனையும் எரிபொருளையும் தனித்தனியே பார்க்க முடிந்தபோது அடங்கியது. முக்குளிப்போரை வரவழைத்து ப்ரொபெல்லரைப் பாலிஷ் செய்யச் சொல்லிக் கேட்கும்போதும், அலுவலகம் எங்கள் வாய்ச்சொல்லைவிட இந்த மீட்டரின் வரைபடத்துக்கே செவிசாய்க்கிறது.

ஜெனரேட்டர்களில் கிடைத்த சேமிப்பு சிறியதெனினும் நிச்சயமானது. பாதுகாப்புக்காக என்று இரண்டைக் குறைந்த சுமையில் சேர்த்து ஓட்டும் பழக்கத்தால் எரிபொருள் வீணாவதோடு டர்போசார்ஜரில் கரியும் படிகிறது. குறுகிய கால்வாய்களையும் துறைமுக நுழைவையும் தவிர்த்த நேரங்களில் ஒன்றே போதும் என்பதைச் சுமை அளவீடுகளைக் காட்டி எல்லோரையும் ஏற்கச் செய்ய முடிந்தது. எரிபொருள் குறையும் ட்ரிம் எது என்று சொல்லும் மென்பொருளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முழுச் சரக்குடன் செல்லும்போது மாற்றுவதற்கே இடம் குறைவு.

வேகத்தைத் தீர்மானிப்பது மட்டும் எங்கள் கையில் இல்லை. தேவைப்படும் திறன் ஏறத்தாழ வேகத்தின் மூன்றாம் அடுக்காக உயர்வதால், வேகத்தை 13 நாட்டிலிருந்து (மணிக்கு 13 கடல் மைல்) 12 ஆகக் குறைத்தாலே அதே தூரத்துக்கான மெயின் இன்ஜின் எரிபொருளில் கணக்குப்படி சுமார் 15 சதவீதம் மிச்சமாகும். இருந்தும், வாடகை ஒப்பந்தம் விரைந்து வரச் சொல்வதால் விரைந்து சென்று, துறைமுகத்துக்கு வெளியே நாட்கணக்கில் காத்துக் கிடக்கிறோம். அந்த நாட்களில் தூரம் ஏறாமல் ஜெனரேட்டரும் பாய்லரும் எண்ணெயை எரிப்பதால் சிஐஐ தரம் இறங்குகிறது. மாறாக, சரக்கின்றி வெறுங்கப்பலாக ஓடினால், ஏற்றிய சரக்குக்குப் பதில் கப்பலின் கொள்ளளவையே கணக்கில் எடுப்பதால் தரம் உயரவும் கூடும். இந்தச் சூத்திரம் கப்பலில் உழைப்பவர்களுக்கு நியாயம் செய்வதாக நான் நினைக்கவில்லை. நாங்கள் இப்போது நங்கூரமிட்ட நாட்களின் எரிபொருளைத் தனிக் கணக்காகப் பிரித்து ஒவ்வொரு பயணத்தின் முடிவிலும் அனுப்புகிறோம். அடுத்த ஒப்பந்தத்தில் வருகை நேரத்தைத் துறைமுகத்தின் தயார்நிலையோடு பொருத்தும் விதியைச் சேர்க்கக் கேட்பதற்கு அலுவலகம் அந்தக் கணக்கையே எடுத்து வைத்திருக்கிறது.