பூட்டனைத் தேட எது உதவும்: இறப்புப் பதிவேடா, பழைய பத்திரமா?

சோழவந்தானுக்கு அருகே வெற்றிலைக் கொடிக்கால் வைத்துப் பிழைத்த என் பூட்டனாரின் வாழ்க்கையை, கிடைத்த காகிதங்களைக் கொண்டு ஓரளவு எழுதி முடித்திருக்கிறேன். இதைக் கேள்விப்பட்ட சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்பது ஒரே கேள்விதான்: எங்கே தொடங்குவது? கிராமத்துப் பிறப்பு–இறப்புப் பதிவேட்டிலா, சார்பதிவாளர் அலுவலகத்தின் பழைய பத்திரங்களிலா? இரண்டிலும் நான் தேடியிருக்கிறேன். பத்திரத்தின் பக்கமே நிற்கிறேன்.

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பது இரண்டுக்கும் முந்தையது. மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் கூடும்போது, வயதில் மூத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து யார் யாருக்கு என்ன முறை என்று எழுதிக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் பெயர்கள் வெறும் பெயர்களாகவே இருக்கும்.

இறப்புப் பதிவேட்டின் பலம், அது தேதியைச் சொல்கிறது என்பது. சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கான சட்டம் 1899இல் வந்தது. கிராமங்களில் ஊர்த் தலைமை அலுவலரான கிராம முன்சீப்பே இந்தக் கணக்கையும் எழுதினார். வயது, ஆணா பெண்ணா, இறந்த காரணம் எல்லாம் ஒரே வரியில் இருக்கும். காரணம் என்ற இடத்தில் ‘காய்ச்சல்’, ‘பேதி’ என்று ஒரு சொல்தான் நிற்கும் என்றாலும், ஒரே மாதத்தில் பேதி என்று அடுத்தடுத்து வரும் வரிகளைப் பார்த்தால் அந்த ஊர் பட்ட பாடு விளங்கிவிடும். பிறப்புப் பக்கம் இதைவிட மெலிந்தது. பெயர் வைப்பதற்கு முன்பே பதிந்ததால் ‘ஆண் குழந்தை’ என்பதோடு பல வரிகள் நின்றுவிடுகின்றன. தகப்பன் பெயரைக் கொண்டு ஊகிக்கத்தான் வேண்டும்.

அந்த ஊகம் எங்கள் பக்கத்தில் உடைந்துபோகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் சோணை மகன் கருப்பணன், கருப்பணன் மகன் சோணை, மறுபடியும் சோணை மகன் கருப்பணன் என்று தலைமுறைகள் சுழன்றுகொண்டே இருக்கின்றன. போதாததற்குக் குலதெய்வத்தின் பெயர் ஊரில் பாதிப்பேருக்கு உண்டு. எங்கள் ஊர்ப் பதிவேட்டில் சோணை மகன் கருப்பணன் 1936இல் இறந்ததாக ஒரு வரி இருக்கிறது, 1944இல் இறந்ததாக இன்னொரு வரி இருக்கிறது. இரண்டிலும் வயது ஏறத்தாழ ஒன்றுதான். எது என் பூட்டனார் என்பதை அந்தப் பதிவேட்டை எத்தனை முறை புரட்டினாலும் அறிய முடியாது. ஒவ்வொரு வரியும் தனியாக நிற்கிறது; அடுத்த காகிதத்துக்கு வழி காட்டுவதில்லை.

பத்திரம் வழி காட்டுகிறது. நான் அதன் பக்கம் சாய்வதற்கு முழுக் காரணமும் இதுதான்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். எழுதிக் கொடுப்பவரின் தகப்பன் பெயர், ஊர், சாதி, தொழில், சில சமயம் வயது. அதற்குப் பிறகு சொத்து எப்படி வந்தது என்ற வாசகம்: பிதுரார்ஜிதமா (முன்னோர் வழி வந்ததா), சுயார்ஜிதமா (தானே சம்பாதித்ததா), யாரிடம் எந்தத் தேதியில் கிரயம் வாங்கியது. அங்கேயே முந்தைய பத்திரத்தின் அடையாளம் கிடைத்துவிடுகிறது. அதன் பிறகு வருவது நான்குமால் விவரம், அதாவது நிலத்தின் நான்கு எல்லைகள். வீட்டு வரலாறு தேடுபவர் ஒரு பத்திரத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படிக்க வேண்டும். ‘இன்னார் கொடிக்காலுக்குக் கிழக்கு, வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருந்தால், அந்த இன்னாருடைய கொடிக்கால் நம் நிலத்துக்கு மேற்கே இருக்கிறது என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கள் திசையைத் தலைகீழாக எடுத்துக்கொள்வதுண்டு. பக்கத்து நிலக்காரர் யார்? பெரும்பாலும் பங்காளிதான். ஒரே தகப்பனின் நிலம் பாகம் பிரிந்து பிள்ளைகளிடம் போவதால், எல்லையில் நிற்பவர்கள் அண்ணன் தம்பிகளும் அவர்கள் மக்களுமாகவே இருக்கிறார்கள். நான்கு எல்லைகளையும் ஒரு தாளில் வரைந்து, பக்கத்து நிலங்களின் பத்திரங்களையும் எடுத்து ஒட்டிக்கொண்டே போனால், அந்த நிலப்படமே வம்சாவளிப் படமாகிவிடுகிறது.

என் சிக்கல் அவிழ்ந்ததும் இப்படித்தான். பக்கத்து நிலக்காரர் ஒருவர் 1938இல் நிலத்தை அடமானம் வைத்து எழுதிக்கொடுத்த ஒத்திப் பத்திரத்தில் சாட்சியாகக் கைநாட்டு வைத்திருப்பவர் ‘கீழவீட்டு சோணை மகன் கருப்பணன்’. கீழவீடு எங்கள் வீடு. ஆகவே 1936இல் இறந்தவர் அவரல்லர். 1946ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்றின் எல்லை ‘கருப்பணன் மகன்கள் பாகத்துக்கு மேற்கு’ என்கிறது. அதற்குள் அவர் காலமாகியிருக்கிறார். 1944ஆம் ஆண்டு வரி அவருடையது.

இதில் ஒரு எச்சரிக்கை. பத்திரம் எழுதுபவர்கள் பழைய பத்திரத்தின் நான்குமாலை அப்படியே பார்த்து எழுதிவிடுவார்கள். இறந்து பல ஆண்டுகள் ஆன மனிதர் எல்லையில் உயிரோடு இருப்பது போலவே தொடர்வார். ‘வாரிசுகள்’ என்று மாறியிருந்தால் இறந்துவிட்டார் என்று நம்பலாம். பெயர் மாறாமல் இருப்பதைக் கொண்டு உயிரோடு இருந்தார் என்று சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்தவராகவோ சாட்சியாகவோ அவரே வந்து கைநாட்டு வைத்திருந்தால்தான் அது சான்று.

அதே கவனம் ‘குடும்பச் செலவுக்காகவும் கடன் தீர்க்கவும் விற்கிறேன்’ என்ற வாசகத்துக்கும் வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தைத் தலைவர் விற்றால், குடும்ப அவசியத்துக்காக விற்றதாக இருந்தால்தான் மைனர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தும் என்பது இந்துச் சட்டம். ஆகவே உண்மை எதுவாக இருந்தாலும் அந்த வரி இடம்பெற்றுவிடும். அதைப் படித்துவிட்டுத் தாத்தா வறுமையில் நிலத்தை விற்றார் என்று கதை கட்ட வேண்டாம். இன்ன தேதி ஒத்திக் கடனைத் தீர்க்க என்று குறிப்பாக எழுதியிருந்தால், அந்த ஒத்திப் பத்திரத்தைத் தேடிச் சரிபார்க்கலாம்.

எடுப்பது எப்படி? பதிவுச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, சொத்துப் பத்திரங்கள் அடங்கிய 1ஆம் புத்தகத்தின் நகலை யாரும் கட்டணம் செலுத்திப் பெறலாம். உயில், எழுதியவர் இறந்த பிறகு கேட்பவர் எவருக்கும் கிடைக்கும். பெயர் வாரியான அட்டவணையில் எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் மட்டுமே இருப்பார்கள், சாட்சிகள் இருக்க மாட்டார்கள். அதனால்தான் சர்வே எண்ணை வைத்துப் பக்கத்து நிலங்களையும் தேடச் சொல்கிறேன். இன்றைய எண் அன்றைய எண் அல்ல என்றால், பழைய புல எண்ணையும் காட்டும் ‘அ’ பதிவேடு என்ற கிராம நிலக் கணக்கு கைகொடுக்கும். கணினிக்கு ஏறாத ஆண்டுகளுக்குக் சொத்தின் மீதான பதிவுகளைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றைக் கையால் தேடித்தான் தருவார்கள், பொறுமை வேண்டும்.

தாலுகாவையும் பாருங்கள். சோழவந்தான் வட்டாரம் முன்பு நிலக்கோட்டைத் தாலுகாவைச் சேர்ந்தது. நிலக்கோட்டை 1985இல் திண்டுக்கல் மாவட்டத்தோடு போய்விட்டது. பழைய காகிதத்தில் ‘மதுரை ஜில்லா’ என்று இருப்பதாலேயே எல்லாம் மதுரையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். வருவாய்க் கணக்கில் வழங்கும் பசலி ஆண்டு வந்தால் 590ஐக் கூட்டுங்கள். ஆண்டு ஜூலையில் தொடங்குவதால் பசலி 1348 என்பது 1938 ஜூலை முதல் 1939 ஜூன் வரை.

பட்டாவைச் சிலர் சொல்வார்கள். பட்டாதாரர் இறந்து ஒரு தலைமுறை கடந்த பிறகும் அவர் பெயரிலேயே பட்டா கிடப்பது நம் ஊரில் சாதாரணம். நிலம் எது என்று அறிய உதவும், மனிதரை அறிய உதவாது.

பத்திரத்தின் பெரிய குறை, அது நிலம் வைத்திருந்தவர்களைப் பற்றித்தான் பேசும். நூறு ரூபாய்க்குக் குறைந்த விலைக்கு விற்ற நிலத்தைப் பதிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் நூறு ரூபாய் பெரிய தொகை. ஓராண்டுக்கு மேற்படாத குத்தகைக்கும் பதிவு கட்டாயமில்லை. என் பூட்டனாரே கொடிக்கால் வைத்த நிலங்களில் சிலவற்றைக் குத்தகைக்குத்தான் எடுத்திருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த நிலங்களைப் பற்றி ஒரு காகிதமும் இல்லை. கூலி வேலை செய்தே வாழ்ந்தவரைத் தேடுகிறவர்களுக்கு இறப்புப் பதிவேடும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும்தான் கதி. அங்கே என் வாதம் நிற்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பெண்கள் விஷயத்தில் மட்டும் பத்திரம் எதிர்பார்த்ததைவிடத் தாராளமாக இருந்தது. கணவன் இறந்து பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தால் ‘மைனருக்குத் தாயும் கார்டியனுமான’ என்று மனைவியின் பெயர் வருகிறது, பிள்ளைகளின் வயதும் வருகிறது. என் பூட்டியின் பெயர் எங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தேவாலய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் இந்த இரண்டையும்விடச் சிறந்தவை என்று அதில் தேடிய நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு நேரடி அனுபவம் இல்லை. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் குடும்பங்கள் 1947 வரை நடப்பில் இருந்த கைரேகைச் சட்டத்தின் (குற்றப் பரம்பரைச் சட்டம்) பதிவுகளிலும் தேடலாம். அவை காவல்துறை தன் நோக்கத்துக்காக எழுதியவை. அதில் ஒரு மனிதரைக் குற்றவாளி என்று எழுதியிருப்பதைச் சான்றாக ஏற்காமல், எந்த ஊரில் எந்த ஆண்டில் இருந்தார் என்பதற்கு மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம்.

வீட்டு டிரங்குப் பெட்டியில் மூலப் பத்திரங்கள் இருந்தால் முதலில் அவற்றைப் படமெடுத்து வையுங்கள். அவற்றில் தவறாமல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு: முத்திரைத்தாளின் பின்புறம் விற்பனையாளர் எழுதிய குறிப்பு. எந்தத் தேதியில் யார் போய் அந்தத் தாளை வாங்கினார் என்பது அதில் தெரியும். நான் பார்த்த ஒன்றில் அதை வாங்கியவர் பூட்டனாரின் மைத்துனர். அவருடைய ஊர்ப் பெயரும் அங்கேயே இருந்தது.