கவுன்சலிங் சீட், மேனேஜ்மென்ட் கோட்டா, பாலிடெக்னிக்: ஒரே மாணவருக்கு மூன்று வழிகள்

பிளஸ் டூ முடித்த ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். கணிதம் நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு என்று கணக்கிட்டால் கட்ஆஃப் 200க்கு 145. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. அப்பாவுக்கு மாதம் இருபதாயிரம் ரூபாய்க்குள் வருமானம். பையனுக்கு பொறியியலில் (பி.இ.) கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். தமிழ்நாட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் இந்தக் குடும்பத்தை எந்த ஊரிலும் பார்க்கலாம்.

முதல் வழி கவுன்சலிங், அதாவது கட்ஆஃப் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்கும் முறை. சுயநிதிக் கல்லூரிகளில் சிறுபான்மை அல்லாதவை 65 சதவீத இடங்களையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடங்களையும் அரசு ஒதுக்கீட்டுக்குத் தர வேண்டும். 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி இந்த இடங்களுக்கு ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற படிப்பு என்றால் 55,000. முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால் இதில் 25,000 ரூபாயை அரசு ஏற்கும். ஆக, 55,000 இருக்கும் இடத்தில் குடும்பம் கட்டுவது 30,000. நான்கு வருடத்துக்கு 1,20,000. விடுதியும் பஸ்ஸும் தனி.

இரண்டாவது, மேனேஜ்மென்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நேராக நிரப்பும் இடங்கள். அதே 2017 உத்தரவுப்படி கட்டணம் 85,000. தரச்சான்று இருந்தால் 87,000. நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லட்சம். காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் பெயர் பெற்ற கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்டுப் போனால் வாயால் சொல்லும் தொகை வேறாக இருக்கும். பயிற்சிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், ஒருமுறை மட்டும் கட்ட வேண்டியது என்று வரிசையாக வரும். அவற்றில் பாதிக்கு ரசீது இருக்காது. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கல்விக்கடன் தராது என்பதைப் பல பெற்றோர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

கட்டண வித்தியாசத்தை எல்லாரும் பார்த்துவிடுவார்கள். இரண்டாவது வழியில் போனால் எந்தெந்த உதவிகள் கைவிட்டுப் போகும் என்பதைத்தான் கவனிப்பதில்லை. முதல் பட்டதாரிச் சலுகை கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு மட்டும். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் கல்விக்கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் வட்டிச் சலுகையும் அப்படியே. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் இருக்கும் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. அதற்கும் கவுன்சலிங் வழியாகத்தான் வர வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளையை, விவரம் தெரியாமல் மார்ச் மாதமே அட்வான்ஸ் கட்டி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை. ஒரு ரூபாய் இல்லாமல் முடிய வேண்டிய படிப்பு அது.

சரி, மீதிக்குக் கடன் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம், தப்பில்லை. நான்கு லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம், கைப்பணமும் போட வேண்டாம். ஏழரை லட்சத்துக்கு மேல் போனால்தான் அடமானம் கேட்பார்கள். படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு லட்சம் வாங்கி, வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கும் நாளில் பாக்கி 5,40,000 ரூபாய். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100. வருடத்துக்கு இரண்டு லட்சம் வீதம் வாங்கியிருந்தால் பாக்கி 10,80,000; தவணை மாதம் 14,300க்குப் பக்கம். பெரிய மென்பொருள் சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பலருக்கு ஆண்டுச் சம்பளம் மூன்றரை லட்சம் அளவில்தான் இருக்கிறது. பிடித்தம் போகக் கையில் வரும் இருபத்தைந்தாயிரத்தில் பதினான்காயிரம் தவணைக்குப் போனால், சென்னையிலோ பெங்களூரிலோ அறை வாடகை எங்கிருந்து வரும்? 

குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் தரச்சான்று பெற்றதாக இருந்தால், தவணை தொடங்கும் வரையிலான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே வருமானச் சான்றிதழைக் கொடுத்து, இந்தத் திட்டத்தில் பெயர் சேர்ந்ததா என்று கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது வழியான பாலிடெக்னிக்கைப் பலர் தோல்வி என்றே நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிளஸ் டூ முடித்தவர் டிப்ளமோவில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு, பி.இ.யில் நேரடி இரண்டாம் ஆண்டு போகலாம். மொத்தம் ஐந்து வருடம், ஒன்று கூடுதல். அரசு பாலிடெக்னிக்கில் ஆண்டுச் செலவு சில ஆயிரம்தான். அரசுப் பள்ளி மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் வரும் மாதம் ஆயிரம் ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு. கணிதத்தில் தடுமாறும் பிள்ளைக்கு முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்து மனம் உடைவதைவிட, பட்டறையிலும் ஆய்வகத்திலும் கை பழகிவிட்டு பி.இ.க்குப் போவது நல்லது. கையில் டிப்ளமோ இருப்பதால், நடுவில் வீட்டுச் சூழ்நிலை மாறினாலும் வேலைக்குப் போக முடியும். மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் ஆசை உள்ளவருக்கு இதை முதல் தேர்வாகவே சொல்வேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பவருக்கு அவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன்.

நாம் எடுத்துக்கொண்ட அந்த 145 கட்ஆஃப் மாணவருக்கு என் பதில் கவுன்சலிங்தான். பெரிய பெயர் இல்லாத கல்லூரியாக இருந்தாலும் பரவாயில்லை, அல்லது ஐ.டி., இ.சி.இ. போன்ற பக்கத்துப் பிரிவாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய கல்லூரியில் கேம்பஸ் வேலை கூடுதலாக வருகிறது என்பது உண்மை. அந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. சேமிப்பிலிருந்து கட்ட முடிந்த குடும்பம் மேனேஜ்மென்ட் கோட்டாவைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். நகையை அடகு வைத்தோ நிலத்தை விற்றோ கட்ட வேண்டிய குடும்பம் அந்த வழிக்குப் போகக்கூடாது.

கவுன்சலிங்கிலும் விருப்பப் பட்டியலில் பத்துக் கல்லூரி மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், உங்கள் சமூகப் பிரிவுக்கு எந்தக் கட்ஆஃபில் இடம் முடிந்தது என்பது கவுன்சலிங் இணையதளத்திலேயே இருக்கிறது. உங்கள் மதிப்பெண்ணுக்குக் கொஞ்சம் மேலிருந்து தொடங்கி, கீழே நன்றாக இறங்கும் வரை வரிசைப்படுத்துங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் அதை ஏற்றுக்கொண்டே மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. அதை உரிய நாளுக்குள் பதிவு செய்யாவிட்டால் கிடைத்த இடமும் போய்விடும்.

ஒருவேளை பயத்தில் ஏற்கெனவே எங்காவது பணம் கட்டியிருந்தால், ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிப்படி குறித்த தேதிக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக்கூடாது. அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரி, வருமானம், சாதி, இருப்பிடச் சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். ரிசல்ட் வந்தபின் போனால் தாலுகா அலுவலகத்தில் கூட்டம் தாங்காது.