ஹைலேண்ட்ஸ் மலைகளைப் படமெடுக்க உதவும் ஓர் இலவச வானிலை அறிக்கை

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைகளைப் படமெடுக்கக் கிளம்புபவர்கள் கேமராவையும் லென்ஸையும் பற்றி விசாரிக்கும் அளவுக்கு வானிலையைப் பற்றி விசாரிப்பதில்லை. என்னைக் கேட்டால், எம்.டபிள்யூ.ஐ.எஸ். எனப்படும் மவுன்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸ் நாள்தோறும் இலவசமாக வெளியிடும் மலை வானிலை அறிக்கைதான் அங்கு முதலில் தேவைப்படும் கருவி என்பேன். அட்லாண்டிக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் மேற்குக் காற்று நேராக இந்த மலைகளில்தான் மோதுகிறது. ஆகவே ஃபோர்ட் வில்லியம் ஊருக்குள் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, அருகில் 1,345 மீட்டர் உயரத்தில் நிற்கும் பென் நெவிஸின் உச்சி மேகத்துக்குள் மறைந்திருக்கும். ஊருக்கான வானிலைச் செய்தியை நம்பி மலையேறுவதில் பொருளில்லை.

இந்த அறிக்கை மலையுச்சிகளை மனத்தில் வைத்தே எழுதப்படுவது. படமெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, மன்ரோக்கள் மேகமின்றி இருப்பதற்கான வாய்ப்பைச் சதவீதத்தில் தரும் பகுதி. (3,000 அடி, அதாவது ஏறத்தாழ 914 மீட்டருக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்களுக்கு மன்ரோ என்று பெயர், இன்றைய பட்டியலில் 282 உள்ளன.) 90 சதவீதம் என்று கண்டதும் மகிழ்ந்துவிட வேண்டாம். நடப்பவருக்கு அது நல்ல நாள். படத்துக்கோ பெரும்பாலும் வெறும் நீல வானமும் தட்டையான ஒளியும்தான் மிஞ்சும். 40, 50 என்று போட்டு, காலையில் உச்சிகளை மூடும் மேகம் பிற்பகலில் விலகும் என்று எழுதியிருந்தால், மேற்கே உள்ள க்ளென்கோ பள்ளத்தாக்கின் பூஅக்கல் எட்டிவ் மோர் போன்ற தனித்து நிற்கும் மலைக்கு எதிரே முக்காலியை ஊன்றிக் காத்திருக்கலாம்.

வெயிலையும் காற்றின் தெளிவையும் குறித்து எழுதப்படும் இரண்டொரு வரிகளை மற்றவர்கள் தாண்டிச் சென்றுவிடுவார்கள். நமக்கு அவை பொன் போன்றவை. மங்கல் இருக்கும் என்றால் தொலைவிலுள்ள மலைத்தொடர்களை நீண்ட லென்ஸில் அடுக்கடுக்காக எடுக்கலாம். தெளிவு மிக நன்று என்றால் டாரிடன் பகுதியில் லியாஹக் மலையின் பாறை வரிகள் ஒவ்வொன்றும் துலங்கும். பள்ளத்தாக்குகளில் மூடுபனி தங்கி உச்சிகள் மேலே நிற்கும் என்ற குறிப்பு வந்தால், விடியுமுன்பே ஏறிவிட வேண்டும். கீழே பரவிய மேகத்தில் நம் நிழலும் அதைச் சுற்றி வண்ண வளையமும் விழுவது அத்தகைய காலைகளில்தான். 1894இல் பென் நெவிஸ் வானிலை ஆய்வகத்தில் தங்கியிருந்த இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் இத்தகைய ஒளிக்காட்சிகளைக் கண்டு, அவற்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்க முனைந்ததே கண்ணுக்குத் தெரியாத துகள்களின் தடத்தைக் காட்டும் மேக அறைக் கருவிக்கும் 1927இல் நோபல் பரிசுக்கும் இட்டுச்சென்றது.

காற்றின் வேகத்தோடு நில்லாமல், அது நடப்பவரை எப்படித் தள்ளும் என்பதையும் அறிக்கை சொல்லிவிடுகிறது. நடப்பதே கடினம் என்ற இடத்தில் முக்காலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஹைலேண்ட்ஸின் கிழக்கே உள்ள கெய்ர்ன் கார்ம் மலையின் உச்சியில் 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவு உண்டு.

குறைகள் இல்லாமல் இல்லை. ஒவ்வோர் அறிக்கையும் பரந்த நிலப்பகுதி ஒன்றுக்குப் பொதுவானது என்பதால், குறிப்பிட்ட ஏரிக்கரையில் மாலை ஆறு மணிக்கு ஒளி எப்படியிருக்கும் என்பதை அதில் தேட முடியாது. மணிவாரியான விவரத்துக்கு மெட் ஆஃபீஸின் மலை முன்னறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் ஸ்காட்லாந்தின் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவையைத் தனியே பார்ப்பது கட்டாயம். மறுபுறம், இதைச் சிறிய பிடிஎஃப் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்பது, சிக்னல் கிடைக்காத பள்ளத்தாக்குகளில் பெரிய வசதி.

இதன் முழுப்பயன் அண்டைப் பகுதிகளின் அறிக்கைகளை ஒரே மாலையில் அருகருகே வைத்துப் படிப்பவருக்கே கிட்டும். தென்மேற்குக் காற்றில் மேற்கிலுள்ள க்ளென்கோ நனையும்போது கிழக்கிலுள்ள கெய்ர்ன் கார்ம் பகுதி பெரும்பாலும் மழை மறைவில் இருக்கும். கிழக்குக் காற்று வந்தால் நிலைமை தலைகீழாகும். எனவே அறையை க்ளென்கோவிலேயே முழுவதும் முன்பதிவு செய்யாமல், இரு திசைகளுக்கும் காரில் போகக்கூடிய நியூட்டன்மோர், லகன் போன்ற இடைப்பட்ட ஊர்களில் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன்.