நனைந்தால் அலறும் பெட்டி: வாங்கலாம், எழுந்து வர ஆள் இருந்தால்

தூக்கத்தில் படுக்கையை நனைக்கும் பிள்ளைகளுக்கான அலாரம் இது. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, மெல்லிய கம்பி, நுனியில் ஒரு கிளிப். கிளிப்பை ஜட்டியின் முன்பக்கம் கவ்வவிட்டு, கம்பியைப் பனியனுக்குள் விட்டு, பெட்டியைத் தோள்பட்டையில் மாட்டவேண்டும். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். மின்வாரியத்தில் காலம் தள்ளிய கை சும்மா இருக்குமா? பார்சல் வந்த அன்றே திருப்புளியை எடுத்துவிட்டேன். உள்ளே அதிசயம் ஒன்றும் இல்லை. கிளிப்பில் இரண்டு உலோகப் பற்கள். சிறுநீரில் உப்பு இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். துணி நனைந்ததும் மின்சுற்று முழுமையாகிறது, பஸர் அலறுகிறது. “இதற்கா இந்த விலை?” என்றாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். ஆனாலும் விலை தகும் என்றுதான் சொல்வேன்.

பேரனுக்கு ஏழு வயது. எள்ளுருண்டை தொடங்கித் தாயத்து வரை உறவினர்கள் சொன்ன எல்லாம் ஆகிவிட்டது. ராத்திரி தண்ணீர் கொடுக்காதே என்பதும் ஆயிற்று. தாகத்தோடு படுத்தவன் அப்போதும் நனைத்தான். கடைசியில் குழந்தை மருத்துவர்தான் மலச்சிக்கல் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அலாரம் வாங்கச் சொன்னார்.

தத்துவம் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவுடையது. பாவ்லோவ் என்றதும், தீனியோடு சேர்த்துக் கேட்டுப் பழகிய சத்தத்துக்கே எச்சில் ஊறிய நாயும் மணியும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அவர் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமையும் நிறையப் பயன்படுத்தினார் என்பதைப் பள்ளிக்கூடப் பாடம் சொல்வதில்லை. இங்கே தட்டி எழுப்புவது சத்தம். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும் நேரத்தில் அந்தச் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது. பிள்ளை விழிக்கிறான், சிறுநீரை அடக்குகிறான். நாளாக நாளாக, சத்தம் வருவதற்கு முன்பே சிறுநீர்ப்பை நிறைந்த உணர்வே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அந்த எரிச்சலான சத்தத்தைத் தவிர்க்க உடம்பு கற்றுக்கொள்கிறது, அவ்வளவுதான் என்று வாதிடும் உளவியலாளர்களும் உண்டு. எப்படியானால் என்ன, பாய் காய்ந்தால் சரி.

இதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. ஃபவுண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததைத் தாதியருக்குத் தெரிவிக்க ஒரு மணியைப் பொருத்தினார். துணி மாற்றும் வசதிக்காகத்தான். பார்த்தால், பிள்ளைகள் நனைப்பதே குறைந்துபோனது. இது 1904இல் வெளியான செய்தி. பிறகு அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் இதையே முறையான சிகிச்சையாக்கி 1938இல் கட்டுரை எழுதினார்கள். அன்று பிள்ளைக்கு அடியில் படுக்கையில் கிடந்த விரிப்பு இன்று ஜட்டியில் கிளிப்பாகச் சுருங்கியிருக்கிறது. வேறு பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இனி, பெட்டியில் எழுதாத விஷயம். ஆரம்ப வாரங்களில் இந்த அலாரத்துக்குப் பிள்ளையைத் தவிர வீட்டில் எல்லோரும் விழித்துக்கொள்வார்கள். காதுக்குப் பக்கத்தில் பஸர் கத்திக்கொண்டிருக்க, பேரன் வாயைத் திறந்தபடி தூங்குவான். பெரியவர் ஒருவர் எழுந்து போய் அவனை உலுக்கி எழுப்பி, பொத்தானை அவன் கையாலேயே அணைக்க வைத்து, கழிவறைக்கு நடத்திக் கூட்டிப்போய் மிச்சத்தை அங்கே முடிக்க வைக்கவேண்டும். தூங்குகிறவனை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் பயனில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. “தாத்தா, நான் எழுந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டே சுவரில் சாய்ந்து தூங்குவான்.

முன்னேற்றம் முதலில் தெரிந்தது துணியில்தான். பாய்வரை பரவிய ஈரம் ஜட்டியோடு நின்றது. பிறகு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சுருங்கியது. நனைத்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் பாதியில் அடக்கத் தொடங்கியிருந்தான். மருமகள் இதைக் கவனித்திராவிட்டால் பாதியிலேயே கருவியை மூட்டை கட்டியிருப்போம்.

இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். தொடர்ந்து 14 இரவு நனையாவிட்டால் நிறுத்தலாம் என்பது பொதுவான கணக்கு. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்கு இது பலிக்கிறது; சிலருக்குத் திரும்பவும் வரும், மறுபடி மாட்டவேண்டியதுதான். இரவில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் மாத்திரை வேகமாக வேலை செய்யும். ஊருக்குப் போகும் ஓரிரு இரவுக்கு அது வசதி. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் பழைய கதைதான்.

குறைகளும் உண்டு. புழுக்கமான இரவில் மின்சாரம் போய்விட்டால் வியர்வைக்கே அலறும். கிளிப்பின் பற்கள் மெல்லிய துணியைக் கடித்துக் குதறும். தடித்த பருத்தி ஜட்டி வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் கழுவித் துடைக்காவிட்டால் பற்களில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். விளக்கத் தாளில் எழுத்து எறும்பு அளவு, தமிழே கிடையாது.

ஐந்து வயது ஆகாத பிள்ளைக்கு இது வேண்டாம். பகலிலும் கசிவு, எரிச்சல், அதிக தாகம் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். நனைத்ததற்காக அடித்துத் திட்டும் வீட்டுக்கு இந்தக் கருவி போகவே கூடாது. அலறல் கேட்டதும் பிள்ளை நடுங்குவான், கற்கமாட்டான்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது கிளிப்புக் கம்பிக்காக. அது முனையில் அறுந்துபோனது, கம்பி மட்டும் தனியாகக் கிடைக்காது, முழுப் பெட்டியையும் வாங்குங்கள் என்று விற்பனையாளர் கைவிரித்துவிட்டார். நான் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டேன். மற்றவர்கள் வாங்கும்போதே இரண்டு கம்பி தரும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.