வெளியேறலாம், ஆனால் எந்த வாசல் வழியாக?

2016 ஜூன் 23 அன்று பிரிட்டன் மக்களிடம் கொடுத்த வாக்குச்சீட்டில் இரண்டே கட்டங்கள் இருந்தன: ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பது, வெளியேறுவது. 51.9 சதவீதம் பேர் வெளியேறச் சொன்னார்கள். அதன் பிறகு ஒன்றியத்தோடு எந்த முறையில் வியாபாரம் செய்வது என்பது பற்றிச் சீட்டில் ஒரு வரியும் இல்லை. பிரெக்ஸிட் லாபமா நஷ்டமா என்று இன்றும் நடக்கும் வாதங்கள் பல குழம்பிப் போவது இதனால்தான். வெளியேற நான்கு வழிகளாவது இருந்தன: நார்வே பாணி, துருக்கி பாணி, கனடா பாணி, ஒப்பந்தமே இல்லாமல் போவது. நான்கின் விலையும் வேறு வேறு.

அந்த விலையை அரசே கணக்குப் போட்டிருந்தது. 2018 நவம்பரில் பிரிட்டன் அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, ஒன்றியத்தில் நீடித்திருந்தால் 15 ஆண்டுகளில் எட்டியிருக்கும் அளவைவிட நாட்டின் மொத்த உற்பத்தி நார்வே பாணி ஏற்பாட்டில் சுமார் 1.4 சதவீதம் குறையும். கனடா பாணி ஒப்பந்தத்தில் 4.9 சதவீதம். ஒப்பந்தமே இல்லாமல் போனால் 7.6 சதவீதம். எண்கள் முன்னே பின்னே இருக்கலாம். வரிசை மாறாது என்பதில் பெரும்பாலான பொருளாதார அறிஞர்கள் ஒத்துப்போனார்கள். பிரிட்டன் கடைசியில் போனது கனடா வழியில்.

முதலில் நார்வே. உறுப்பினராகச் சேர்வதை அந்நாட்டு மக்கள் 1972-லும் 1994-லும் வாக்களித்து மறுத்தார்கள். ஆனாலும் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் நார்வே இருக்கிறது. அதாவது பொருளும் சேவையும் ஒரே விதிகளின்படி நாடு விட்டு நாடு போகும் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. ஆஸ்லோவில் உரிமம் பெற்ற வங்கி பாரிஸில் தனி உரிமம் கேட்டு நிற்க வேண்டியதில்லை. இதற்கு அது மூன்று விலை கொடுக்கிறது: ஒன்றியத்தின் தொழிலாளர்கள் தடையின்றி வரலாம், ஆண்டுதோறும் பணம் கட்ட வேண்டும், பிரஸ்ஸல்ஸில் எழுதப்படும் சந்தை விதிகளை வாக்குரிமை இல்லாமலே ஏற்க வேண்டும். சுங்க ஒன்றியத்தில், அதாவது தமக்குள் சுங்க வரி இல்லாமல் வெளியார் சரக்குக்கு ஒரே வரி வைக்கும் ஏற்பாட்டில், நார்வே இல்லை. அதனால் சுவீடன் எல்லையில் ஸ்வினெசுண்டில் சரக்கு லாரிகளுக்குச் சுங்கச் சோதனை உண்டு.

துருக்கியின் கதை நேர் எதிர். 1996 தொடக்கத்திலிருந்து அது ஒன்றியத்தோடு சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது, ஒற்றைச் சந்தையில் இல்லை. தொழிற்சாலைப் பொருளுக்கு வரி கிடையாது. உதிரிபாகம் எந்த நாட்டில் செய்தது என்று நிரூபிக்கும் வேலையும் பெரும்பாலும் கிடையாது. கார் தொழிலுக்கு இது பெரிய வரம். ஆனால் விவசாயப் பொருளில் பெரும்பகுதியும் சேவைத் துறையும் இதற்கு வெளியே நிற்கின்றன. இன்னொரு வலியும் உண்டு. ஒன்றியம் மெக்சிகோவோடு ஒப்பந்தம் போட்டால், மெக்சிகோ சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிக்குள் வரியில்லாமல் நுழையலாம். துருக்கிச் சரக்குக்கு மெக்சிகோவில் அந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லாதவர் கதவை மட்டும் திறந்துவைக்க வேண்டும்.

பிரிட்டனின் பொருளாதாரத்தில் சுமார் 80 சதவீதம் சேவைத் துறை. அதற்குத் துருக்கி வழி பொருந்தாது என்பது என் கருத்து. ஆனாலும் 2019 ஏப்ரல் 1 அன்று நாடாளுமன்றத்தில் கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர் கென் கிளார்க் கொண்டுவந்த சுங்க ஒன்றியத் தீர்மானம் 273-க்கு 276 என்று, மூன்றே வாக்கில் தோற்றது. அதே இரவில் நார்வே பாணித் தீர்மானம் 261-க்கு 282 என்று விழுந்தது. மக்களிடம் மறு வாக்கெடுப்பு வேண்டும் என்ற உறுப்பினர்கள் பலர், நல்ல சமரசத்துக்குக் கை தூக்கத் தயங்கினார்கள். கடுமையான பிரெக்ஸிட்டுக்கு வழிவிட்டதில் அவர்களுக்கும் பங்கு உண்டு.

அடுத்தது, நடந்த கதை: கனடா வழி, அதாவது ஒற்றைச் சந்தையிலும் சுங்க ஒன்றியத்திலும் சேராமல் போடும் வர்த்தக ஒப்பந்தம். 2020 டிசம்பர் 24 அன்று முடிவான ஒப்பந்தத்தில் சுங்க வரி சுழியம், அளவுக் கட்டுப்பாடும் இல்லை. கனடாவுக்குக் கிடைத்ததைவிட மேல் என்று அரசு பெருமைப்பட்டது. பொருள் வரியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் வரி போனாலும் காகிதம் வந்தது. ஒவ்வொரு சரக்குக்கும் சுங்க அறிவிப்பு, இறைச்சி, பால் போன்ற உணவு என்றால் கால்நடை மருத்துவரின் சான்று, வரிச் சலுகை வேண்டுமானால் பொருள் எந்த நாட்டில் செய்தது என்று காட்டும் பிறப்பிடச் சான்று. 2021 ஜனவரியிலேயே இதன் வலி தெரிந்தது. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் கடைகளில் விற்கும் பெர்சி பிக் மிட்டாய் ஜெர்மனியில் தயாராகிப் பிரிட்டனுக்கு வந்து, அங்கிருந்து அயர்லாந்துக்குப் போகும். பிரிட்டனில் அதற்கு எந்த வேலையும் நடக்காததால் அது பிரிட்டன் பொருளாகாது. ஐரோப்பாவில் செய்த மிட்டாய் ஐரோப்பாவுக்குத் திரும்பும்போது வரி கேட்கும் நிலை வந்தது.

இந்த அலசலில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தக் காகிதச் செலவைப் பற்றித்தான். வரி சரக்கின் மதிப்புக்கு ஏற்றபடி ஏறி இறங்கும். காகிதச் செலவு அப்படி இல்லை. ஒரு கன்டெய்னர் முழுக்க ஏற்றினாலும் நான்கு பெட்டி பாலாடைக்கட்டி ஏற்றினாலும் சான்றுக்கும் கிளியரன்ஸ் ஏஜென்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும், சிறியவர் ஏற்றுமதியை விட்டுவிடுவார். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு, சுமார் 16,400 நிறுவனங்கள் ஒன்றியத்துக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டதாகக் கணக்கிட்டது. மொத்த ஏற்றுமதி எண்ணை மட்டும் பார்த்தால் இந்தச் சிறியவர்கள் கண்ணில் பட மாட்டார்கள்.

பிரெக்ஸிட் ஆதரவாளர்களின் வாதத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கோவிட்டும் உக்ரைன் போரும் செய்த சேதத்தைத் தனியே பிரிப்பது கடினம். ஒற்றைச் சந்தையை இழந்த பிறகும் சேவை ஏற்றுமதி நன்றாகவே வளர்ந்தது. ஆனாலும் பிரிட்டன் அரசின் நிதிநிலையைக் கணிக்கும் தன்னாட்சி அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகம் நீண்டகாலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்ற மதிப்பீட்டை ஆண்டுக்கணக்கில் மாற்றவில்லை.

நான்காவது, ஒப்பந்தமே இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் விதிகளோடு நிற்பது. காருக்கு 10 சதவீத வரி, ஆட்டிறைச்சிக்கு 40 சதவீதத்துக்கும் மேல். வேல்ஸ் மலைகளில் ஆடு வளர்ப்பவர்களுக்கு அது பேரிடியாக இருந்திருக்கும். இதைப் பேரம் பேசும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம், திட்டமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சுதந்திரமாக ஒப்பந்தம் போடலாம் என்பதுதான் கனடா வழிக்குச் சொன்ன பெரிய லாபம். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய ஒப்பந்தத்தை உதாரணம் காட்டுகிறார்கள். திருப்பூர் பனியனுக்கும் டி-ஷர்ட்டுக்கும் பிரிட்டனில் 12 சதவீதம் வரை இருந்த வரி அதனால் சுழியமாகும். வரியில்லாமல் அங்கே விற்கும் வங்கதேசத்தோடு சமமாகப் போட்டியிட இது திருப்பூருக்கு நிஜமான வாய்ப்பு. ஆனால் இதற்காக ஒற்றைச் சந்தையைவிட்டு வெளியேற வேண்டியிருந்ததா? நார்வே, சுவிட்சர்லாந்து, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் நான்கும் சேர்ந்து 2024 மார்ச்சிலேயே இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டுவிட்டன. நார்வே அதை ஒற்றைச் சந்தைக்குள் இருந்தபடியே செய்தது. சுங்க ஒன்றியத்தைவிட்டு வெளியே இருந்தால் போதும், கை கட்டப்படாது. லாபத்தின் அளவும் சிறிது. பசிபிக் வட்டார ஒப்பந்தத்தில் சேர்வதால் நீண்டகாலத்தில் சுமார் 0.08 சதவீத வளர்ச்சி என்று மதிப்பிட்டது பிரிட்டன் அரசுதான்.

நார்வே வழிக்கு எதிராகச் சொன்ன பெரிய காரணம் குடியேற்றம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பலர் வாக்களித்ததே அதற்காகத்தான். ஆனால் ஒன்றியத்தின் தொழிலாளர்களுக்குக் கதவு மூடிய பிறகு, 2023 ஜூனோடு முடிந்த ஆண்டில் நிகரக் குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர்கள். மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆள் வேண்டியிருந்தது, பல்கலைக்கழகங்களுக்குக் கட்டணம் வேண்டியிருந்தது.

விதியை எழுதும் அறையில் இடமில்லாமல் விதியை ஏற்பது அவமானம் என்பது இன்னொரு காரணம். 2025 மே 19 அன்று பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட புதிய உடன்பாட்டில், உணவு, கால்நடை, தாவரப் பொருள்களுக்கு ஒன்றியத்தின் விதிகளை அவை மாறும்போதெல்லாம் பின்பற்றவும், அந்தச் செலவில் பங்கு தரவும் பிரிட்டன் சம்மதித்திருக்கிறது. சான்றுச் செலவு குறைந்தால் சிறிய உணவு ஏற்றுமதியாளர்களில் சிலராவது திரும்பி வர முடியும். உணவுக்கு ஏற்ற அதே நிபந்தனையை ரசாயனத்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் ஏற்பதுதான் அடுத்து பேச வேண்டியது. சுங்க ஒன்றியத்துக்குத் திரும்புவதைவிட அது சிறியவர்களுக்கு அதிகம் உதவும், இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்துக்கும் பங்கம் வராது.